சேலத்துக்கு வரும் தோழிக்கு குளூட்டன் ஆகாது: வீட்டிலும் ஏற்காட்டிலும் என்ன கொடுப்பது?

கேட்டது இதுதான்: நீங்கள் அம்மாபேட்டையில் இருக்கிறீர்கள். கல்லூரிக் காலத்துத் தோழி லூதியானாவிலிருந்து வந்து சில நாள் தங்கப்போகிறார். பாதி நாள் வீட்டில், பாதி நாள் ஏற்காட்டில். தனக்கு குளூட்டன் ஒத்துக்கொள்ளாது என்று முன்பே சொல்லிவிட்டார். உங்கள் அம்மாவோ, "சப்பாத்திதானே கூடாது? நம்ம வீட்டுல மூணு வேளையும் அரிசிதான், இதுல என்ன இருக்கு?" என்கிறார். அம்மா சொல்வது போதுமா?

அம்மா சொல்வது முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் விருந்தாளி படுத்துவிடுவார். என் மனைவிக்கு சீலியாக் இருக்கிறது. இதே சேலத்தில்தான் குடித்தனம், கடை கண்ணி, கல்யாணச் சாப்பாடு எல்லாம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் தோழிக்கு ஒரு போன் போட்டு, அவருக்கு இருப்பது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். "ஒத்துக்கொள்ளாது" என்ற சொல்லுக்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன. சீலியாக் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அதைத் தூண்டிவிடுகிறது. துளி போனாலும் உள்ளே சேதம் நடக்கும், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும்கூட. இரண்டாவது கோதுமை அலர்ஜி. தடிப்பு, மூச்சுத்திணறல் என்று உடனே காட்டும், சிலருக்கு உயிருக்கே ஆபத்து. மூன்றாவது சீலியாக்கும் இல்லாமல் அலர்ஜியும் இல்லாமல், கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்பி, தலை கனத்து அவதிப்படுகிறவர்கள். இவர்களில் பலர் சிறு கலப்பைத் தாங்கிக்கொள்வார்கள். உங்கள் தோழி மூன்றாம் வகை என்றால் அம்மா சொன்னதே ஏறக்குறைய போதும். சீலியாக் என்றால் கீழே சொல்வது எல்லாம் வேண்டும். அலர்ஜி என்றால் இவற்றோடு, அவசரத்துக்கு என்ன மருந்து கையில் வைத்திருக்கிறார், அதை எப்படிக் கொடுப்பது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இனி அவருக்கு சீலியாக் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நம் ஊரில் இதைப் பற்றி யாருக்கும் தெரியாததற்குக் காரணம் உண்டு. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் வட இந்தியாவில் சீலியாக் நூற்றில் ஒருவருக்குச் சற்று மேல் இருந்தது, வேலூர்ப் பக்கம் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. அங்கே அவர்கள் ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமையும் நாம் சாப்பிடும் கோதுமையும் ஒப்பிடவே முடியாத அளவு வித்தியாசம். அதனால் லூதியானாவில் ஹோட்டல்காரருக்குக்கூட ஓரளவு புரியக்கூடிய சங்கதியை, இங்கே சொந்தக்காரர்களிடமே உட்காரவைத்து விளக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அவர் ஊரில் அவர் தவிர்க்கப் படாதபாடு படும் உணவு இங்கே யாரும் தினமும் சாப்பிடுவதே இல்லை. சரியாகச் செய்தால் பல வருடங்களில் அவர் நிம்மதியாகச் சாப்பிடும் வீடு உங்களுடையதாக இருக்கும்.

கண்ணுக்குத் தெரியும் கோதுமையை விட்டுவிடுகிறேன். சப்பாத்தி, பூரி, பரோட்டா, பிரெட், பிஸ்கட், மைதா, ரவை, சேமியா, கோதுமை அல்வா எல்லாம் உங்களுக்கே தெரியும். ரவை கோதுமைதான் என்பதை மட்டும் அம்மாவிடம் ஒரு முறை அழுத்திச் சொல்லிவிடுங்கள். "ரவா உப்புமா லேசா இருக்குமே, காய்ச்சக்காரனுக்கே குடுப்போமே" என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். அதே போல வெயில் காலம் என்றால் உஷ்ணத்துக்கு நல்லது என்று பார்லித் தண்ணீர் கொடுக்கத் தோன்றும், அதுவும் கூடாது. ஹார்லிக்ஸ், பூஸ்ட் மாதிரி மால்ட் பானங்களிலும் பார்லிதான்.

மறைந்திருக்கும் கோதுமையில் முதலிடம் பெருங்காயத்துக்கு. அடுக்களையிலிருக்கும் பெருங்காயத் தூள் டப்பாவை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நாம் வாங்குவது கூட்டுப் பெருங்காயம். அசல் பிசின் அதில் கொஞ்சம்தான், மீதி கருவேலம் பிசினும் மாவும். அந்த மாவு பல கம்பெனிகளில் மைதா அல்லது கோதுமை மாவு, சிலவற்றில் அரிசி மாவு. கட்டிப் பெருங்காயம் என்றால் சுத்தமானது என்று நினைத்துவிட வேண்டாம், அதிலும் மைதா சேர்த்துப் பிசைந்தது உண்டு. ஆக சாம்பார், ரசம், மோர், வத்தக்குழம்பு, எலுமிச்சை ஊறுகாய், இட்லிப் பொடி என்று நாம் "சுத்த அரிசிச் சாப்பாடு" என்று பரிமாறும் இலையில் பாதி இடத்தில் கோதுமை வந்து உட்கார்ந்திருக்கும். லேபிளில் அரிசி மாவு மட்டும் போட்டிருக்கும் பெருங்காயம் கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அவர் இருக்கும் நாட்களில் பெருங்காயத்தையே மறந்துவிடுங்கள். பூண்டும் சீரகமும் தட்டிப் போட்ட ரசத்தில் குறை ஒன்றும் தெரியாது. இட்லிப் பொடியைப் புதிதாக, பெருங்காயம் இல்லாமல், கொஞ்சம் பூண்டு வைத்து அரைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய்க்கு அன்றன்றைக்கு நறுக்கிய மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தாளித்தால் போதும்.

இரண்டாவது மாவு மில். இதை யாரும் யோசிப்பதில்லை. வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் தூக்கில் ரேஷன் கோதுமை. அவருடையது அரைத்து முடிந்ததும் மில்காரர் இயந்திரத்தை நிறுத்தாமலே உங்கள் ராகியை மேலே கொட்டுவார். கீழே மாவு விழுகிற துணிக்குழாயைக் கையால் நாலு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டில் உதிர்வது முன்னவருடைய கோதுமை, வந்து சேர்வது உங்கள் பாத்திரம். ராகியிலும் கம்பிலும் குளூட்டன் கிடையாது, ஆனால் மில்லிலிருந்து வீட்டுக்கு வரும் ராகி மாவில் இருக்கும். அதனால் தோழிக்காக மில்லுக்கே போகாதீர்கள். செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் பக்கம் போய் அரிசி, ராகி, கம்பு, மிளகு, மல்லி எல்லாவற்றையும் முழுசாக வாங்கி, புடைத்து, கல்லோடு சேர்த்து வேறு தானியம் கலந்திருந்தால் அதையும் பொறுக்கி, கழுவிக் காயவைத்து மிக்சியில் அரைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நொய்யாக இருக்கும், பரவாயில்லை. இட்லி தோசைக்கு வீட்டுக் கிரைண்டரில் அரிசியும் உளுந்தும் மட்டுமே அரைப்பீர்கள் என்பதால் அது பத்திரம். கடையில் பாக்கெட்டில் விற்கும் தோசை மாவு வேண்டாம், அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாது.

சிறுதானியம் என்று பெயர் போட்ட பாக்கெட்டுகளிலும் ஏமாந்துவிடாதீர்கள். ராகி சேமியா, தினை நூடுல்ஸ், கம்பு பிஸ்கட் இவற்றில் பலவற்றில் கோதுமையோ மைதாவோ சேர்ந்திருக்கும், முன்பக்கத்தில் கதிர் படம் போட்டிருப்பார்கள். சத்துமாவுகளில் கோதுமையும் பார்லியும் சகஜம். பின்பக்கம் ஒவ்வாமை எச்சரிக்கையில் கோதுமை அல்லது குளூட்டன் என்று இருக்கிறதா பாருங்கள், சட்டப்படி போட வேண்டும். "குளூட்டன் இல்லாதது" என்று ஒரு பொருளில் போட வேண்டுமானால் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஓட்ஸில் இயல்பாக அது இல்லைதான், ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது. "குளூட்டன் இல்லாதது" என்று போடாத ஓட்ஸ் வேண்டாம்.

பாத்திரங்களில் சல்லடைதான் பெரிய கள்ளன். எத்தனை கழுவினாலும் கம்பி இடுக்கில் மைதா நிற்கும். புதுசாக ஒன்று வாங்கிவிடுங்கள். சப்பாத்தி போடும் கல்லில் அவருக்கு தோசை ஊற்றக் கூடாது, தனிக் கல் வேண்டும். மரக்கரண்டி, பூரிக்கட்டை, காய் நறுக்கும் மரப்பலகை அவர் பக்கமே வர வேண்டாம். எவர்சில்வர், கண்ணாடி எல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்தால் போதும். பூரி சுட்ட எண்ணெயில் அவருக்கு அப்பளம் பொரிக்கக் கூடாது, சூட்டில் குளூட்டன் அழியாது. மாவு பிசைந்த கையை உப்பு ஜாடியில் விட்டிருப்பீர்கள், அதனால் உப்பும் நெய்யும் அவருக்குப் புதிதாகத் தனியாக. அவர் தங்கும் நாட்களில் வீட்டிலேயே கோதுமை மாவைத் தொடாமல் இருந்துவிடுவது எல்லாவற்றையும் விட எளிது. நான்கு நாள் சப்பாத்தி இல்லாமல் சேலத்துக்காரர் யாரும் இளைத்துவிட மாட்டார்கள்.

இனி என்ன சமைப்பது. இங்கே உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பஞ்சாபில் நவராத்திரி விரதத்துக்குச் செய்யும் சாபுதானா கிச்சடி உங்கள் தோழிக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கமாக இருக்கும். அந்த ஜவ்வரிசி பெரும்பாலும் நம் சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து போவதுதான். 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இந்த ஊரில்தான் இருக்கிறது, சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிழங்கு மாவு என்பதால் குளூட்டனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உப்புமாவுக்கு வெள்ளையாக இருக்கும் மாவு ஜவ்வரிசி வாங்குங்கள், நைலான் ஜவ்வரிசி பாயசத்துக்கு. மாவு ஜவ்வரிசியைக் கழுவி, மூழ்கும் அளவுக்குக் கொஞ்சமே தண்ணீர் விட்டு சில மணி நேரம் ஊறவிட்டு, விரலால் நசுக்கினால் உள்ளே கல் தட்டாமல் மசிகிற பதத்தில் வறுத்த நிலக்கடலைப் பொடி போட்டுப் பிரட்டி வதக்கினால் முத்து முத்தாக வரும். தண்ணீர் அதிகமானால் பசைதான். மரவள்ளிக் கிழங்கு வயலையோ ஆத்தூர்ச் சாலையில் வெயிலில் பரப்பிக் காயவைத்திருக்கும் ஜவ்வரிசியையோ ஒரு நடை காட்டுங்கள், அவருக்குப் பிடிக்கும்.

விருந்து என்று காட்டிக்கொள்ள சந்தகை செய்யுங்கள். இது மில் மாவு தொடாத பலகாரம், அதனால் எங்கள் வீட்டில் இதற்குத்தான் முதல் மரியாதை. இட்லி அரிசியை ஊறவைத்து கிரைண்டரில் உப்புப் போட்டு நைசாக ஆட்டி, இட்லித் தட்டில் ஊற்றி வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சந்தகை மணையில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறிவிட்டால் கை வலித்துவிடும், அதனால் வீட்டில் ஒருவர் ஊற்ற, ஒருவர் பிழிய, விருந்தாளியே ஒரு கை கொடுப்பார். பாதியைத் தேங்காய்ப்பால், நாட்டுச் சர்க்கரையோடு கொடுங்கள், பாதியைக் கடுகு, பச்சைமிளகாய், எலுமிச்சை போட்டுத் தாளித்து. அசைவம் சாப்பிடுவார் என்றால் நாட்டுக்கோழிக் குழம்போடு சந்தகை, வேறொன்றும் வேண்டாம். குழம்புக்கு மசாலாவை வீட்டில் வறுத்து அரையுங்கள்.

மற்ற வேளைகளுக்கு அரிசிம்பருப்புச் சாதம், கம்பஞ்சோறும் மோரும், ஊறவைத்து ஆட்டிய ராகி மாவில் தோசை, அரிசி நொய் உப்புமா, பருப்புப் பாயசம் என்று போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது. மாம்பழக் காலம் என்றால் மல்கோவாவையும் குண்டு மாம்பழத்தையும் வைத்தே ஒரு வேளையை ஓட்டிவிடலாம்.

தட்டுவடை செட் சாப்பிட வைக்காமல் சேலத்திலிருந்து அனுப்ப முடியாது, தெரியும். தட்டுவடை அரிசி மாவுதான். ஆனால் மொறுமொறுப்புக்கு மைதா சேர்ப்பவர்கள் உண்டு, அரிசி மாவும் மில்லிலிருந்து வந்ததுதான். அதனால் வண்டியில் நின்று சாப்பிடுவது வேண்டாம். வீட்டில் அரைத்த அரிசி மாவில் உளுந்து வறுத்துப் பொடித்துப் போட்டு, வெண்ணெய், எள், உப்பு சேர்த்துப் பிசைந்து, வட்டமாகத் தட்டிப் பொரித்து வைத்துக்கொள்ளுங்கள். காரட், பீட்ரூட் துருவல், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி வைத்து மாலையில் மாடியில் உட்கார்ந்து செட் போடுங்கள். அதையே நொறுக்கிச் சட்னியோடு கலந்தால் நொறுக்கலும் ஆயிற்று.

ஹோட்டலுக்கு ஒரு வேளையாவது போகத்தான் வேண்டியிருக்கும். குளூட்டன் என்று சொன்னால் சர்வருக்குப் புரியாது, புரிந்த மாதிரி தலையாட்டிவிடுவார். அதுதான் ஆபத்து. "அண்ணே, இவங்களுக்கு கோதுமை, மைதா, ரவை துளி பட்டாலும் ஆஸ்பத்திரிதான். இட்லி வேகவைக்கிறதுல ரவை ஏதும் போடுவீங்களா? மாஸ்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்று பொருளின் பெயர் சொல்லிக் கேளுங்கள். தோசை வேண்டாம். சிவக்க வேண்டும் என்று மாவில் ரவை, மைதா கலப்பவர்கள் இருக்கிறார்கள், கலக்காவிட்டாலும் ரவா தோசை ஊற்றிய அதே கல்தான். குருமாவைக் கெட்டியாக்க மைதா கரைத்து ஊற்றுவதும் நடக்கும். இட்லியும், கையோடு கொண்டுபோன பொடியும், நல்லெண்ணெயும்தான் நம்பிக்கை. மதியம் என்றால் வெறும் சாதம், தயிர், பொரியலில் பெருங்காயம் இல்லாத ஒன்று. மட்டன் பிரியாணி பெரும்பாலும் பிரச்சினை இல்லாத பண்டம், கடையில் மசாலா பற்றிக் கேட்டுவிட்டு வாங்கலாம். அதோடு வரும் சிக்கன் 65, சில்லி சிக்கன் வகையறாவில் மைதாவும் சோயா சாஸும் இருக்கும். சோயா சாஸில் கோதுமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

ஏற்காட்டுக்குப் போகும் நாளில் அடிவாரம் தாண்டுவதற்கு முன்பே அவர் வயிறு நிறைந்திருக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கியதும் பசிக்கும், அப்போது கண்ணில் படுவதெல்லாம் ஏரிக்கரை பஜ்ஜிக் கடைதான். கடலை மாவுதானே என்று தோன்றும். அதே எண்ணெயில்தான் பிரெட் பஜ்ஜியும் மைதா போண்டாவும் போய் வந்திருக்கும். அவரை ஓரமாக நிற்கவைத்துவிட்டு நீங்கள் மட்டும் மிளகாய் பஜ்ஜி தின்பதும் நன்றாயிருக்காது. தணலில் வாட்டி எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்துக் கொடுக்கும் மக்காச்சோளம் இரண்டு பேருமே சாப்பிடலாம். அவித்த நிலக்கடலை, கொய்யா, சீசன் என்றால் ஆரஞ்சு, பலாச்சுளை, வெண்ணெய்ப்பழம் எல்லாம் மலையிலேயே கிடைக்கும். வீட்டுத் தயாரிப்பு என்று விற்கும் சாக்லேட்டை விட்டுவிடுங்கள், பிஸ்கட் தூளும் வேஃபரும் போட்ட சாக்லேட்டோடு ஒரே தட்டில் இருக்கும். காபிக்குத் தடை இல்லை. சிக்கரி கலந்திருந்தாலும் குற்றமில்லை, அது வேர். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்தது காபிச் செடி, தோட்டத்துக் கொட்டையைத் தோழிக்கு வாங்கிக்கொடுங்கள்.

தங்குமிடம் பிடிக்கும்போது கெட்டிலும் சின்ன அடுப்பு வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள், காட்சி அழகை அப்புறம் பார்க்கலாம். பஃபே வைக்கும் ரிசார்ட் என்றால் வரிசையில் நின்று அவர் எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. சப்பாத்தித் தட்டில் இருந்த இடுக்கி நொடியில் சாதத்துக்கு மாறிவிடும். முதல் நாளே சமையல்காரரிடம் பேசி, உள்ளேயிருந்து நேராகச் சாதம், அவித்த முட்டை, வேகவைத்த காய், தயிர் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு டப்பாவில் உங்கள் புளிக்காய்ச்சல், பொடி, வறுத்த கடலை, தட்டுவடை இருந்தால் சேர்வராயன் கோவில் வரை போய்வந்தாலும் கவலை இல்லை.

சாப்பாட்டை விட கஷ்டமானது உபசாரம். அத்தை வருவார், பக்கத்து வீட்டு அக்கா கேசரி கொண்டுவருவார், "ஒரு வாய் போட்டுக்கோ கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்பார். தோழிக்கு மறுக்கச் சங்கடம். அந்த மறுப்பை அவர் வாயில் வராமல் நீங்களே முந்திச் சொல்லிவிட வேண்டும், வீட்டுக்காரர் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சர்க்கரைக்காரர் ஒரு லட்டு தின்றுவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்வது போன்றது இல்லை இது என்று சொன்னால் அம்மாவுக்குப் புரியும். தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து போனாலே குடலில் பாதிப்பு தெரியும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு துண்டு பிரெட்டில் அது போல பல மடங்கு இருக்கிறது. கோவிலுக்குப் போனால் பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றி உங்களிடம் கொடுத்துவிடலாம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோவில் பக்கம் ஊற்றும் கூழ் ராகிதானே என்று தோன்றும், மில் விஷயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இதையெல்லாம் கேட்டு வீட்டில் யாராவது, "எனக்கும் சப்பாத்தி தின்னா வயிறு உப்புது, நானும் விட்டுப் பார்க்கிறேன்" என்பார்கள். விடுவதற்கு முன் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். கோதுமையை நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும்.

எல்லாம் பார்த்தும் எங்கேயோ தவறிவிட்டால் பதறாதீர்கள், அவரையும் துருவிக் கேட்காதீர்கள். வாந்தி, பேதி, சோர்வு சில மணி நேரத்திலும் வரலாம், மறுநாளும் வரலாம். மாற்று மருந்து கிடையாது. ஓ.ஆர்.எஸ். கரைசல், கஞ்சி, நல்ல தூக்கம், குளியலறை பக்கத்தில் இருக்கும் அறை, இவை போதும். அலர்ஜி மாத்திரை இதற்கு உதவாது. தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி எடுத்தால் ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறல், உதடு வீக்கம் என்றால் அது அலர்ஜி, உடனே 108.

திரும்பிப் போகும் ரயில் நீளமானது, அதில் அவருக்கு வாங்கிச் சாப்பிட எதுவும் இருக்காது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வாழை இலையில் கட்டி முதல் நாளுக்கும், புளிச்சாதத்தை அடுத்த வேளைக்கும், பிறகு தட்டுவடை, அவல், கடலை மிட்டாய், பழம் என்று பிரித்துக் கட்டிக்கொடுங்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் என்ன போட்டிருக்கிறது என்று இரண்டு வரி எழுதி ஒட்டிவிடுங்கள். பையில் ஒரு கிலோ ஜவ்வரிசியும் வைத்துவிடுங்கள், ஜவ்வரிசி மில்லிலேயே பாக்கெட் போட்டு மூடியதாகப் பார்த்து.